வண்ண ஃபிலிமும் கடைசி அலசலும்

வண்ண நெகட்டிவ் ஃபிலிமை வீட்டிலேயே கழுவ முடியுமா என்று கேட்பவர்களுக்கு, அதற்கு ஆய்வுக்கூடத்துக்குரிய துல்லியமான வெப்பநிலை தேவை, வீட்டில் அது கைகூடாது என்னும் பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. குழாயைத் திறந்தால் பனிக்கட்டி போன்ற நீர் வரும் நாடுகளில் உருவாகி, அங்கிருந்து கையேடுகள் வழியாக உலகெங்கும் பரவிய பதில் அது. கொச்சித் துறைமுகத்தை ஒட்டிக் கிடக்கும் தோப்பும்படியைப் போன்ற கரையோர ஊர்களில் நிலைமை ஏறத்தாழ நேர்மாறானது. அங்கே வெப்பம் ஃபிலிம் கழுவுபவருக்குத் துணை நிற்கிறது. உப்பு கலந்த நிலத்தடி நீரும், ஆண்டின் பெரும்பகுதி வற்றாத காற்றின் ஈரமுமே அவருடைய வேலையைக் கெடுக்கின்றன. டெவலப்பருக்குள் ஃபிலிம் இருக்கும் மூன்றேகால் நிமிடத்தைப் பற்றிக் கொள்ளும் கவலையில் பாதியையாவது, இறுதி அலசலுக்கும் உலர்த்தலுக்கும் ஒதுக்கினால், நெகட்டிவில் விழும் கறைகளில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துவிடலாம்.

மேற்குக் கொச்சி என்று அழைக்கப்படும் தோப்பும்படி, மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி ஆகிய பகுதிகள் கடலுக்கும் காயலுக்கும் நடுவே அமைந்த தாழ்ந்த நிலப்பரப்பைச் சேர்ந்தவை. இங்குள்ள கிணறுகளிலும் ஆழ்துளைகளிலும் உவர்நீரே பெரும்பாலும் கிடைப்பதால், வீடுகள் குழாய்நீரை நம்பியே இருக்கின்றன. மூவாற்றுப்புழை ஆற்றிலிருந்து பாழூரில் இறைக்கப்பட்டு மரடு நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டு வரும் அந்த நீர், இயல்பில் கனிம உப்புகள் குறைந்த மென்னீர்தான். ஆனால் அது தடையின்றி வரும் என்பதற்கு உறுதியில்லை. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாழூர் நிலையத்தின் மோட்டார்கள் பழுதானபோது, மேற்குக் கொச்சி பல நாள் லாரித் தண்ணீரைக் கொண்டே காலம் தள்ளியது. எந்தக் கிணற்றிலிருந்து எடுக்கப்பட்டது என்று தெரியாத லாரித் தண்ணீரில் ஃபிலிமை அலசுவது, கறையை விலை கொடுத்து வாங்குவதற்குச் சமம்.

கறை எப்படி விழுகிறது என்பதை அறிய, ஃபிலிமின் உள்ளமைப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஒளி ஊடுருவும் நெகிழ்வான அடித்தளத்தின் மீது, ஜெலட்டினில் வெள்ளி உப்பின் நுண்துகள்களைக் கலந்து பல அடுக்குகளாகப் பூசியிருப்பார்கள். மேலடுக்கு நீல ஒளியையும், நடுவடுக்கு பச்சை ஒளியையும், அடியடுக்கு சிவப்பு ஒளியையும் பதிவு செய்கின்றன. ஒளிபட்ட வெள்ளி உப்பை டெவலப்பர் உலோக வெள்ளியாக மாற்றும்போது, அந்த வேலையில் ஆக்சிஜனேற்றம் அடைந்த டெவலப்பர் மூலக்கூறு, அடுக்கில் ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கும் நிறமிணைப்பி என்னும் வேதிப்பொருளோடு சேர்ந்து சாயமாகிறது. இவ்வாறு மேலிருந்து கீழாக மஞ்சள், மெஜந்தா, சயான் ஆகிய மூன்று சாயங்கள் உருவாகின்றன. இந்த நெறியை ஜெர்மானிய வேதியியலாளர் ருடால்ஃப் ஃபிஷர் 1912ஆம் ஆண்டளவிலேயே கண்டறிந்திருந்தார். ஆனால் நிறமிணைப்பிகள் ஓர் அடுக்கிலிருந்து மற்றோர் அடுக்குக்குள் கசிந்துவிடாமல் நிறுத்திவைக்கும் வழி தெரியவில்லை. அந்தத் தடை நீங்க ஏறத்தாழக் கால் நூற்றாண்டு பிடித்தது. ஜெர்மனியின் அக்ஃபா நிறுவனம் 1936இல் அதைச் சாதித்தது. 1942இல் கோடாக் நிறுவனம் பொதுமக்களுக்கான வண்ண நெகட்டிவான கோடாகலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று உலகெங்கும் வழக்கிலுள்ள சி-41 என்னும் கழுவுமுறை, 1972இல் கோடாகலர் 2 ஃபிலிமோடு அறிமுகமானது. ஃபியூஜி நிறுவனம் அதையே சிஎன்-16 என்ற பெயரில் வழங்குவதால், எந்த நிறுவனத்தின் வண்ண நெகட்டிவ் ரோலையும் ஒரே வகைக் கரைசலில் கழுவ முடிகிறது.

தென்னிந்தியாவில் வண்ண நெகட்டிவின் வரலாறு திரைப்படத்தோடு பின்னிக் கிடக்கிறது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் டி. ஆர். சுந்தரம் 1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வழியாகத் தமிழுக்கும், 1961இல் ‘கண்டம் பெச்ச கோட்டு’ வழியாக மலையாளத்துக்கும் முழுநீள வண்ணப்படத்தைக் கொடுத்தார். ராமு காரியாட் இயக்கத்தில், கொச்சியைச் சேர்ந்த பாபு இஸ்மாயில் சேட்டின் தயாரிப்பில், மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில் 1965இல் வெளிவந்து, குடியரசுத் தலைவரின் தங்கப்பதக்கத்தைப் பெற்ற முதல் தென்னிந்தியப் படமான ‘செம்மீன்’, ஈஸ்ட்மென்கலரில் எடுக்கப்பட்டது. சென்னையில் ஜெமினி, பிரசாத் போன்ற ஃபிலிம் கூடங்கள் பல்லாண்டுக் காலம் தென்னகத்து நெகட்டிவ்களைக் கழுவித் தந்தன. புகைப்படத்தைப் பொறுத்தவரை, சிறு நகரங்களின் கடைத்தெருவிலும் கலர் லேப்கள் வந்த காலத்தில், ரோலைக் காலையில் கழுவக் கொடுத்தால் மாலையில் படங்களோடு திரும்பலாம் என்ற நிலை இருந்தது. டிஜிட்டல் கேமராவும் கைப்பேசியும் வந்தபின் அந்த இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்துவிட்டதால், இன்று ஒரு ரோலை எடுத்து முடித்தவர் அதைக் கூரியரில் பெருநகரத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். அல்லது தானே கழுவிக்கொள்ள வேண்டும்.

ஃபிலிமுக்கு எத்தகைய நீரும் காற்றும் வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. இந்திய அரசின் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் 1960இல் உதகமண்டலத்தில் நிறுவப்பட்டு, 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ என்னும் பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் தாளும் எக்ஸ்-ரே ஃபிலிமும் செய்து நாடெங்கும் அனுப்பியது. கடல்மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில், தூசு குறைந்த குளிர்ந்த காற்றும் தெளிந்த நீரும் கிடைக்கும் இடத்தில் ஃபிலிம் தொழிற்சாலை அமைந்தது பொருத்தமானதே. தோப்பும்படியில் அந்த வசதிகளில் எதுவும் இயற்கையாகக் கிடைக்காது. கழுவுபவர் அவற்றை ஒரு பாட்டிலுக்குள்ளும் ஓர் அலமாரிக்குள்ளும் சிறிய அளவில் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் வெப்பநிலை. சி-41 டெவலப்பர் 37.8 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் 15 விநாடி வேலை செய்ய வேண்டும். கோடாக் அனுமதிக்கும் பிறழ்வு 0.15 டிகிரி மட்டுமே. இந்தக் கண்டிப்புக்குக் காரணம் மூன்றடுக்கு அமைப்பே. மேலடுக்கைத் தாண்டிக் கீழடுக்குக்குள் டெவலப்பர் ஊறிச் செல்லும் வேகம் வெப்பநிலையைச் சார்ந்திருப்பதால், சூடு குறைந்தால் மூன்று சாயங்களும் ஒரே விகிதத்தில் குறைவதில்லை. நிழல் ஒரு நிறச்சாயலோடும் வெளிச்சம் வேறொரு சாயலோடும் நிற்கும், பின்னர் திருத்துவதற்குக் கடினமான படம் கிடைக்கும். அறை 18 டிகிரியில் இருக்கும் ஊரில் டேங்கிலுள்ள கரைசல் தன் சூட்டை விரைவாக இழக்கிறது. அறை 30 டிகிரியில் இருக்கும் கொச்சியில், இடைவெளி எட்டு டிகிரிக்கும் குறைவு என்பதால், இழப்பு மிக மெதுவாக நிகழ்கிறது. ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் 39 டிகிரிச் சுடுநீரை நிரப்பி, கரைசல் பாட்டில்களையும் மூடிய டேங்கையும் அதில் நிறுத்தி, நம்பத்தக்க வெப்பமானியால் டெவலப்பர் பாட்டிலுக்குள்ளேயே அளந்து, 38ஐ ஒட்டி வந்ததும் ஊற்றினால் போதும். 20 டிகிரியில் கழுவ வேண்டிய கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு ஐஸ்கட்டி தேடி அலையும் கரையோரக் கலைஞருக்கு, வண்ண ஃபிலிமே எளிது என்று சொல்வதில் மிகையில்லை.

ஈரம் தொல்லை கொடுக்கத் தொடங்குவது டெவலப்பருக்கு முன்பே, ஃபிலிமை இருட்டில் ரீலில் சுற்றும்போது. வெப்பத்துக்கு அஞ்சி ரோலைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தவர், அதை வெளியே எடுத்தவுடன் உறையைப் பிரித்தால், கொச்சியின் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த ஃபிலிம் மீது வியர்த்துப் படியும். ஜெலட்டின் பிசுபிசுத்து, சுருளின் ஒரு சுற்று மற்றொன்றோடு ஒட்டும். உறையைப் பிரிக்காமல் இரண்டு மணி நேரமாவது அறையில் வைத்திருப்பதே வழி. அடுத்தது கை. ஒளிபுகாத சேஞ்சிங் பைக்குள் கைகளை நுழைத்துச் சில நிமிடம் கழிவதற்குள், உள்ளே உள்ள காற்று வியர்வையால் நனைந்துவிடுகிறது. அந்த ஈரத்தில் பிளாஸ்டிக் ரீலின் பள்ளங்களில் ஃபிலிம் வழுக்கிச் செல்லாமல் சிக்கிக்கொள்ள, கழுவுபவர் அவசரத்தில் அதை அழுத்தித் தள்ளுகிறார்; மடங்கிய இடத்தில் பிறைவடிவத் தழும்பு விழுகிறது. அழுத்தத்தால் உண்டான அந்தத் தழும்பை எந்த வேதிப்பொருளாலும் நீக்க முடியாது. ரீல் முந்தைய நாளே கழுவப்பட்டு எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். குளிரூட்டிய அறையில், கைகளைத் துடைத்துக்கொண்டு, வீணான ரோல் ஒன்றில் பலமுறை பழகிய பிறகே நல்ல ரோலைத் தொட வேண்டும். இதில் ஒரு நன்மையும் உண்டு: வறண்ட குளிர்காலம் உள்ள ஊர்களில் ஃபிலிமை வேகமாக உருவும்போது மின்னூட்டம் பாய்ந்து உண்டாகும் மின்னல் போன்ற கீறல்கள், ஈரக்காற்று நிறைந்த கொச்சியில் வருவது அரிது.

டேங்கினுள் நிகழும் பிழைகள் சிலவே. டெவலப்பர் உள்ளே பாயும்போது ஃபிலிமில் ஒட்டிக்கொள்ளும் காற்றுக்குமிழ், தன் அடியில் உள்ள இடத்துக்குக் கரைசல் போய்ச் சேராமல் தடுப்பதால், நெகட்டிவில் வெளிறிய சிறு வட்டமாகவும் படத்தில் கருத்த புள்ளியாகவும் தெரியும். ஊற்றியதும் டேங்கின் அடிப்பகுதியை மேசைமீது இருமுறை தட்டினால் குமிழ்கள் விலகிவிடும். கரைசலின் அளவு குறைந்தால் ஃபிலிமின் ஒரு விளிம்பு நெடுகிலும் வெளிறிய பட்டை ஒன்று ஓடும்; ஒரு 35 மி.மீ. ரோலுக்குப் பரவலாகப் புழங்கும் பேட்டர்சன் டேங்க் 290 மி.லி. கேட்கிறது என்றால், 300 ஊற்றுவது நல்லது. கலக்கும் விதத்திலும் நிதானம் வேண்டும். முதல் பத்து விநாடி தொடர்ந்தும், பின்னர் அரை நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு தடவையும் டேங்கைத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும் என்று பல தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். ஆர்வத்தில் குலுக்கியெடுத்தால், விளிம்புத் துளைகளின் வழியே வேகமாகப் பாயும் கரைசல் துளைகளுக்கு நேரே கூடுதல் அடர்த்தியை உண்டாக்கும். வானம் உள்ள படங்களில் அவை வரிவரியாக வெளிர்ந்து தெரியும். டெவலப்பர் காற்றுப்பட்டுக் கெடும் பொருள் என்பதால், கலக்கிய கரைசலைக் கழுத்து வரை நிரப்பிய பாட்டிலில் இறுக மூடிக் குளிர்ந்த இடத்தில் வைத்து, கருந்தேநீரின் நிறத்துக்கு மாறிவிட்டால் தயங்காமல் கைவிட வேண்டும்.

டெவலப்பருக்குப் பிறகு, உருவான வெள்ளி முழுவதும் வெளியேற வேண்டும். சாயம் மட்டுமே எஞ்ச வேண்டும். வெள்ளியை மீண்டும் உப்பாக மாற்றுவது பிளீச், அந்த உப்பைக் கரைத்து வெளியேற்றுவது ஃபிக்ஸர். வீட்டுப் பயன்பாட்டுக்கான பெட்டிகளில் இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து பிளிக்ஸ் என்ற பெயரில் தருகிறார்கள். ஏறத்தாழ எட்டு நிமிடம் நிகழும் இந்தக் கட்டத்தில் வெப்பநிலை சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் கேடில்லை. நேரம் கூடினாலும் இல்லை. நேரம் குறைவதும், தீர்ந்துபோன கரைசலைப் பயன்படுத்துவதுமே ஆபத்து. எஞ்சிய வெள்ளி நெகட்டிவை மங்கலாகவும் மணல்படிந்தது போலவும் காட்டும். அதைவிட, ஸ்கேன் செய்பவருக்கு அது வேறொரு வகையிலும் இடைஞ்சல்: பல ஸ்கேனர்கள் அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தித் தூசும் கீறலும் உள்ள இடங்களைக் கண்டுபிடித்துத் தாமாகவே நிரப்புகின்றன, சாயங்கள் அந்த ஒளியைத் தடுப்பதில்லை, வெள்ளி தடுக்கிறது, ஆகவே வெள்ளி எஞ்சிய நெகட்டிவில் அந்த வசதியும் குழம்பிவிடுகிறது. நல்ல வேளையாக இது திரும்பப் பெறக்கூடிய பிழை. புதிய பிளிக்ஸில் வெளிச்சத்திலேயே மறுபடி ஊறவைத்து அலசினால் சரியாகிவிடும். டெவலப்பரும் பிளிக்ஸும் கலக்கும்போது வாயு உண்டாகி மூடியைத் தள்ளும் என்பதால், இடையிடையே மூடியைச் சற்றுத் திறந்து அழுத்தத்தை விடவும் வேண்டும்.

பிளிக்ஸைப் போக்கும் அலசலுக்குக் குழாய்நீர் போதும். ஓடும் நீரில் மூன்று நிமிடம் என்று கையேடுகள் சொல்வதை, நீர் அரிதான மேற்குக் கொச்சியில் அப்படியே பின்பற்றத் தேவையில்லை. டேங்கை நிரப்பி, கவிழ்த்துக் கலக்கி, கொட்டி, மறுபடி நிரப்பும் முறையில் ஏழு முறை செய்தால், ஒரு ரோலுக்கு இரண்டு லிட்டரை ஒட்டிய நீரே செலவாகும். தொட்டித் தண்ணீர் 28 டிகிரிக்கு மேல் இருப்பதால், சூடான கரைசலிலிருந்து குளிர்ந்த நீருக்குத் திடீரென மாறும்போது ஜெலட்டின் சுருங்கி வலைப்பின்னலாக வெடிக்கும் அபாயமும் இங்கு இல்லை. பழைய குழாய்களில் வரும் துருத்துகளை மட்டும் மெல்லிய துணியால் வடிகட்டிவிட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகே கறையின் உண்மையான களம் வருகிறது. கடைசி அலசல் ஸ்டெபிலைசர் அல்லது ஃபைனல் ரின்ஸ் எனப்படும் கரைசலில் நடக்கிறது. பழைய வகைகளில் மெஜந்தாச் சாயம் மங்காமல் காக்க ஃபார்மால்டிஹைடு கலந்திருக்கும். இன்றைய ஃபிலிம்களுக்கு அது தேவையில்லாததால், நுண்ணுயிர்களைத் தடுக்கும் பொருளும், நீரின் பரப்பு இழுவிசையைத் தளர்த்தித் துளிகளாகத் திரளவிடாமல் செய்யும் பொருளும் மட்டும் இருக்கின்றன. இந்தக் கரைசலைக் கண்டிப்பாக டிஸ்டில்டு வாட்டரிலேயே கலக்க வேண்டும். பேட்டரிக் கடைகளிலும் பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும் கனிமம் நீக்கிய நீர் போதுமானது. அதே அலமாரியில் பேட்டரி அமிலமும் இருக்கக்கூடும் என்பதால் சீட்டைப் படித்துப் பார்த்து வாங்குவது அவசியம். நுரை வந்தால் நல்லது என்று எண்ணி மூலக்கரைசலைக் கூடுதலாகச் சேர்ப்பவர்கள் தாங்களே கறையை வரவழைக்கிறார்கள். உலர்ந்தபின் அந்தப் பொருளே எண்ணெய்ப்படலமாகப் படிந்து நிற்கும். இதன்பின் வெறும் நீரில் மறுபடி அலசவும் கூடாது. அப்படி அலசினால் செய்த காப்பு முழுவதும் போய்விடும்.

உலரும் துளி இரண்டு வகையான தடத்தை விட்டுச் செல்கிறது. பளபளப்பான அடித்தளப் பக்கத்தில் நிற்கும் துளி ஆவியாகும்போது, தன்னிடமுள்ள சுண்ணாம்பையும் உப்பையும் வெள்ளைப் படிவாக விட்டுவிடுகிறது. ஜெலட்டின் பூசிய மங்கலான பக்கத்தில் நிகழ்வது வேறு: சுற்றியுள்ள ஜெலட்டின் காய்ந்து சுருங்கிய பிறகும் துளியின் அடியில் உள்ள பகுதி ஊறியபடியே இருந்து தாமதமாகச் சுருங்குவதால், அங்கே மேற்பரப்பு சீரற்றுப்போய் வளையம் உண்டாகிறது. தூய நீரிலும் இது நேரும் என்பதைப் பலர் அறிவதில்லை. முதல் வகைத் தடத்தை, டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த லென்ஸ் துணியால் மெல்லத் துடைத்து நீக்கிவிடலாம். இரண்டாவதைத் துடைக்கவே கூடாது. ரோலை மறுபடி ரீலில் ஏற்றி, வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மீண்டும் ஃபைனல் ரின்ஸில் தோய்த்துச் சீராக உலர்த்த வேண்டும். பெரும்பாலும் அது போய்விடும். எப்போதும் போகும் என்று உறுதி கூற இயலாது. தடம் எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதை, விளக்கொளியில் நெகட்டிவைச் சாய்த்துப் பார்த்தாலே அறியலாம்.

எனவே துளி நிற்காமல் செய்வதே முழுக் கலை. 36 படங்கள் கொண்ட 35 மி.மீ. ரோல் ஏறத்தாழ 1.6 மீட்டர் நீளம் கொண்டது. கதவின் உயரத்துக்கு மேலுள்ள கொக்கியிலிருந்து தொங்கவிட்டு, அடிமுனையில் கனமான கிளிப்பை மாட்ட வேண்டும். நேராகத் தொங்கும் ஃபிலிமில் நீர் படத்தின் நடுவே வழிந்து இறங்கும்; இரு முனைகளையும் சாய்வாகக் கட்டினால் அது துளைகள் உள்ள விளிம்புக்கு ஓடி, அங்கிருந்து சொட்டிவிடும். ரப்பர் வடிப்பானும், விரலிடுக்கில் வைத்து உருவுவதும் வேண்டாம். ஊறிய ஜெலட்டின் மிக மென்மையானது. அதன்மேல் சிக்கிய ஒரே மணல்துகள் 36 படங்களிலும் நீளக்கோடு கிழித்துவிடும்.

காற்று எஞ்சியிருக்கிறது. ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்னும் பகுதியில், டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து வரவழைக்கப்பட்ட சலவைத் தொழிலாளர்களின் வழிவந்த தமிழ்க்குடும்பங்கள் இன்றும் ஒரு தோபிகானாவை நடத்திவருகின்றன. அங்கே துணிகளுக்குத் திறந்த வெளியும் வெயிலும் உண்டு. ஃபிலிமுக்கோ இரண்டுமே பகை, ஏனெனில் ஈர ஜெலட்டினில் விழும் தூசு அதனோடு ஒட்டி உலர்ந்துவிடும். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டுத் தூசு அடங்கியபின் அங்கே தொங்கவிடலாம் என்று மேலைநாட்டுக் கையேடுகள் தரும் அறிவுரையும் கொச்சிக்கு உதவாது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்யும் இந்த ஊரில், ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் நிற்பது வழக்கம். அக்காலத்தில் குளியலறையில் தொங்கும் ஃபிலிம் மறுநாள் காலையிலும் பிசுபிசுப்பாகவே இருக்கும். பூஞ்சைக்கு அதைவிட நல்ல விருந்து கிடைக்காது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. குளிரூட்டி உள்ள வீட்டில், அதை ‘டிரை’ நிலையில் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஓடவிட்டு, காற்று நேரடியாகப் படாத மூலையில் ரோலைத் தொங்கவிடலாம். இல்லாத வீட்டில், ஜிப் வைத்த துணி அலமாரி ஒன்றைத் துடைத்துச் சுத்தம் செய்து, அதன் அடியில் துணியைத் தொடாதபடி பாதுகாப்பான கூண்டுக்குள் 40 வாட் குண்டு பல்பை எரியவிட்டு, மேலே சிறிய திறப்பு விட்டு, கண்காணிப்பில் வைக்க வேண்டும். 30 டிகிரியில் 90 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்று 36 டிகிரிக்குச் சூடாகும்போது, அதிலுள்ள நீராவி மாறாவிட்டாலும் ஈரப்பதம் ஏறத்தாழ 64 விழுக்காடாகக் குறைகிறது. இந்த எளிய இயற்பியலே மழைக்காலத்தில் ஃபிலிமைக் காப்பாற்றுகிறது. 40 டிகிரிக்கு மேல் போகவிடக் கூடாது; ஹேர் டிரையரைத் தொடவே கூடாது, அதன் சூடும் வேகமும் துளிகளை நின்ற இடத்திலேயே காயவைத்துவிடும். உலர்ந்த ரோலை ஆறு ஆறு படங்களாக நறுக்கி, உறைகளில் இட்டு, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வைக்க வேண்டும். எப்போதாவது பூஞ்சை கண்டுவிட்டால், அதை நீரால் கழுவுவது தவறு; பூஞ்சை தின்ற ஜெலட்டின் நீரில் கரைந்து படத்தையும் உடன் கொண்டுபோய்விடும்.

திரைப்படச் சுருளிலிருந்து நறுக்கி விற்கப்படும் ரோல்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கோடாக்கின் சினிமா நெகட்டிவ்களில் பலவற்றின் பின்புறத்தில் ரெம்ஜெட் என்னும் கரிப்பூச்சு இருக்கும். அதை நீக்காமல் சி-41 கரைசலில் இட்டால் கரி உதிர்ந்து கரைசலையும், அதன்பின் கழுவப்படும் ஒவ்வொரு ரோலையும் கெடுக்கும். சமையல் சோடா கலந்த வெந்நீரில் முதலில் ஊறவைத்துக் குலுக்கி, கருநீர் முழுவதும் போகும்வரை கொட்டிய பிறகும், இறுதியில் பின்புறத்தை ஈரத்துணியால் துடைத்தெடுத்தால்தான் கரும்புள்ளிகள் நீங்கும். புதிதாகக் கழுவப் பழகுபவர் அவற்றை ஒதுக்கிவைப்பதே அறிவுடைமை.

உடல்நலமும் இதில் அடங்கியிருக்கிறது. டெவலப்பரில் உள்ள சிடி-4 என்னும் பொருள் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. ஒருமுறை தோன்றிய ஒவ்வாமை வாழ்நாள் முழுவதும் தொடரலாம். கையுறை அணிந்து, பொடியைக் கலக்கும்போது முகக்கவசம் இட்டு, சமையலறைப் பாத்திரங்களைத் தொடாமல் இதற்கென்றே தனிக் குடுவைகளை வைத்துக்கொள்ள வேண்டும். பயன்படுத்தி முடித்த பிளிக்ஸில் ஃபிலிமிலிருந்து கரைந்த வெள்ளி முழுவதும் தங்கியிருக்கிறது. நீர்வாழ் உயிர்களுக்கு அது நஞ்சு. மேற்குக் கொச்சியின் சாக்கடைகள் ராமேஸ்வரம்–கல்வத்தி போன்ற கால்வாய்கள் வழியாகக் காயலில் கலக்கின்றன. அந்தக் காயல், 2002இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற வேம்பநாட்டு நீர்நிலையின் பகுதி, பல்லாயிரம் மீனவக் குடும்பங்களின் வாழ்வாதாரம். எக்ஸ்-ரே நிலையங்களின் பழைய ஃபிக்ஸரை வெள்ளிக்காக வாங்குபவர்கள் பெரும்பாலான நகரங்களில் இருக்கிறார்கள். வீட்டில் ஃபிலிம் கழுவுவோர், தீர்ந்த பிளிக்ஸை மூடியிட்ட கேனில் சேர்த்துவைத்து அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஒரு ரோலின் கழிவைக்கூடச் சாக்கடையில் ஊற்றக் கூடாது.